செவ்வாயும் வெள்ளியும் வராத மாணவர்: ஓர் அரசு ஐ.டி.ஐ.யில் நடந்த நிகழ்வின் ஆய்வு

தமிழ்நாட்டின் தென்மாவட்டம் ஒன்றில் உள்ள சிறிய அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐ.டி.ஐ.), ஃபிட்டர் (இயந்திரப் பாகங்களை அளவெடுத்துப் பொருத்தும் தொழில்) பிரிவில் 2022 முதல் 2024 வரை படித்த ஒரு மாணவரைப் பற்றிய பதிவு இது. அவருக்குச் செய்முறைப் பயிற்சி அளித்தவன் நான். அவருடைய ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். இதே நிலையில் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்யும் பயிற்றுநர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே தருகிறேன்.

நிலையமும் படிப்பும்

எங்கள் நிலையம் ஒரு வட்டத் தலைநகரின் ஓரத்தில், புறவழிச்சாலைக்கு அருகில் இருக்கிறது. மொத்தம் நான்கு தொழிற்பிரிவுகள். ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் இரண்டாண்டுப் படிப்பு, வெல்டர் ஓராண்டு. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து தமிழக அரசு 2,877 கோடி ரூபாய் செலவில் தரம் உயர்த்திய 71 நிலையங்களில் எங்களுடையது இல்லை. எங்களிடம் இருப்பவை வைஸ் (துண்டைக் கவ்விப் பிடிக்கும் கருவி) பொருத்திய மேசைகள், பில்லர் டிரில்லிங் மெஷின், பழைய லேத், அரங்கள். ஃபிட்டர் படிப்பின் முதலாண்டுக்கு இவை போதும்.

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஃபிட்டரில் சேரலாம். ஒரு பிரிவுக்கு 20 பேர். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, ஷூ, வரைபடக் கருவிகள் எல்லாம் அரசு தருகிறது. கட்டணம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. ஆண்டு முடிவில் அகில இந்தியத் தொழில் தேர்வு நடக்கும். செய்முறையில் 60 விழுக்காடும் மற்ற பாடங்களில் 33 விழுக்காடும் எடுத்தால் தேர்ச்சி. தியரித் தேர்வு கணினியில், கொள்குறி வினாக்களாக வரும். தேர்வு எழுத 80 விழுக்காடு வருகை வேண்டும். இந்த நிகழ்வு முழுவதும் அந்த 80-ஐச் சுற்றித்தான் நடந்தது.

மாணவரின் பின்னணி

அவர் பத்தாம் வகுப்பு முடித்தது 2021-இல். கொரோனாவால் அந்த ஆண்டு பொதுத்தேர்வே நடக்கவில்லை, எல்லோரும் தேர்ச்சி. சான்றிதழில் தேர்ச்சி என்று இருந்தது, மதிப்பெண் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு முடியும் தறுவாயிலேயே பள்ளிகள் மூடப்பட்டுவிட்டன. 2021 ஜனவரி 19 அன்று பத்தாம் வகுப்புக்குத் திறந்தவை மார்ச்சில் மறுபடி மூடின. வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவுடையது. ஆக, பின்னமும் தசமமும் நன்றாகப் பழகவேண்டிய வயதில் அவர் வகுப்பறையில் உட்கார்ந்தது சில வாரங்கள்தான். "ஆல் பாஸ் பேட்ச்" என்று அந்தப் பிள்ளைகளைக் கேலி செய்வதை நான் இன்றும் பல இடங்களில் கேட்கிறேன். அது பெரிய அநியாயம். பள்ளியை மூடியது அவர்கள் அல்ல.

தேர்ச்சி பெற்றதும் ஓராண்டு கல்யாண மண்டபங்களில் பரிமாறும் வேலைக்குப் போனார். அப்பா லாரியில் சுமை ஏற்றும் தொழிலாளி. முதுகுத்தண்டு வலியால் அந்த வேலையை விட்டிருந்தார். அம்மா நூறு நாள் வேலைக்குப் போவார், மற்ற நாட்களில் களையெடுப்பு. ஒரு தங்கை எட்டாம் வகுப்பில். "ஐ.டி.ஐ. முடிச்சா கம்பெனில எடுத்துக்குவாங்க" என்று பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் சொன்னதைக் கேட்டு, 2022-இல் அவரே விண்ணப்பித்துச் சேர்ந்தார்.

முதல் மாதங்களில் கண்டவை

வகுப்புகள் ஆகஸ்ட் பின்பகுதியில் தொடங்கின. ஃபிட்டர் மாணவருக்கு முதல் வேலை அரம் போடுவது. மைல்ட் ஸ்டீல் துண்டை (பட்டறையில் இதை ஜாப் என்போம்) வைஸில் பிடித்து, ஒரு முகத்தைத் தட்டையாக்கி, ட்ரை ஸ்கொயரை (செங்கோணம் சரிபார்க்கும் கருவி) வைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெளிச்சம் எங்கேயாவது கசிந்தால் மறுபடி அரம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதில் இரண்டு வாரத்துக்குக் கை வலிக்கும், சலிப்பு வரும், அரத்தை ஆட்டி ஆட்டி நடுவில் மேடாக்கிவிடுவார்கள். இவருக்கு மூன்றாம் நாளிலேயே கை நின்றது. தோளை அசைக்காமல், இரண்டு கைகளின் அழுத்தத்தையும் ஓட்டத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டு அரம் போட்டார். சொல்லிக்கொடுத்து வருவது கொஞ்சம், தானாக வருவது கொஞ்சம். இவருக்கு இரண்டாவது நிறைய இருந்தது.

தியரியில் நிலைமை நேர்மாறு. செப்டம்பர் மாதத் தேர்வில் ஒர்க்‌ஷாப் கணக்கில் 50-க்கு 4. டிராயிங் தாளில் பெயரும் ஒரு செவ்வகமும் மட்டும். அக்டோபரிலும் அப்படியே. தீபாவளி நெருங்கும்போது வருகையும் குறையத் தொடங்கியது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுபோல் இருந்தது. மண்டபத்தில் இரவு வேலைக்குப் போகிறார், காலையில் எழுந்திருக்க முடியவில்லை. ஓர் இரவுக்கு 500 ரூபாய் கிடைக்கிறது. மாதத்துக்கே 750 தரும் இடத்துக்கு எப்படி வருவார்? ஆசிரியர் அறையில் இதுதான் பேச்சு. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். எண்ணம் முழுப்பிழை இல்லை, ஆனால் பாதிதான் உண்மை.

அதே பிரிவில் இன்னொரு மாணவர் நவம்பரிலேயே நின்றுவிட்டார். தொடர்ந்து வராததால் பெயர் நீக்கப்பட்டது. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனதாகத் தகவல் வந்தது. 20 பேரில் ஓர் இடம் காலியானால் அந்த ஆண்டு முழுவதும் அது காலிதான். அடுத்ததாக இவரும் போய்விடுவார் என்ற கவலையில்தான் பதிவேட்டை எடுத்தேன்.

பதிவேட்டை நாள்வாரியாகப் பிரித்தபோது

பொங்கல் விடுமுறைக்கு முன் கணக்குப் பார்த்தபோது 100 வேலை நாட்களில் 71 நாள் வந்திருந்தார். வராதது 29. மொத்தமாகப் பார்த்தால் அதற்குமேல் ஒன்றும் தெரியாது. அதனால் ஒரு தாளில் அந்த 29 நாட்களையும் கிழமையோடும் தமிழ் மாதத்தோடும் எழுதினேன்.

தமிழ் மாதத்தை ஏன் எழுதினேன் என்றால், மண்டபத்து வேலை முகூர்த்தத்தைப் பொறுத்தது. ஆவணி, ஐப்பசி, கார்த்திகையில் வேலை இருக்கும். புரட்டாசியில் எங்கள் பக்கம் கல்யாணம் குறைவு, மார்கழியில் அறவே இல்லை. இரவு வேலைதான் காரணம் என்றால் அந்த இரண்டு மாதங்களில் அவர் ஒழுங்காக வந்திருக்க வேண்டும். ஆனால் புரட்டாசியில் 6 நாளும் மார்கழியில் 7 நாளும் வரவில்லை. மற்ற மாதங்களைவிட அது அதிகம்.

கிழமை வரிசையில் காரணம் பளிச்சென்று தெரிந்தது. 29-இல் 19 நாள் செவ்வாயும் வெள்ளியும். எங்கள் கால அட்டவணையில் அந்த இரண்டு நாட்களிலும்தான் காலையில் ஒர்க்‌ஷாப் கணக்கும் டிராயிங்கும். மீதி 10-இல் 6 நாள் முகூர்த்தத்துக்கு மறுநாள். 4 நாள் அப்பாவை மதுரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனது, அதற்குச் சீட்டு இருந்தது.

வாயில் எதிரே டீக்கடை வைத்திருப்பவரிடம் கேட்டேன். "அந்தத் தம்பி வந்துட்டுத்தான சார் போவாரு. சைக்கிள நிறுத்திட்டு இங்கயே ஒக்காந்திருப்பாரு, அப்புறம் திரும்பிப் போயிருவாரு" என்றார். ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து நிலையத்தின் வாசல் வரை வந்த பிள்ளை அது. தூக்கம் தடுத்திருந்தால் வீட்டைவிட்டே கிளம்பியிருக்க மாட்டார்.

மறுநாள் பட்டறையில் வேலை முடிந்து அரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தபோது, திட்டாமல், பதிவேட்டைக் காட்டாமல், டிராயிங் வகுப்பு எப்படிப் போகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போர்டுல நிக்க வச்சா ஒண்ணுமே வரமாட்டேங்குது சார். எல்லாரும் பாக்குறாங்க. ஜாப் கையில இருந்தா தெரியுது" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்கத் தோன்றியது. 18-ஐ 0.02-ஆல் பெருக்கச் சொல்லித் தாளில் கொடுத்தேன். 3.6 என்று எழுதினார். பிறகு ஒரு துண்டைக் கொடுத்து வெர்னியரில் (நுண்ணளவு பார்க்கும் கருவி, அதில் ஒரு கோட்டுக்கு 0.02 மில்லிமீட்டர்) அளக்கச் சொன்னேன். மெயின் ஸ்கேலில் 24, வெர்னியரில் 18-ஆவது கோடு நேராக நிற்கிறது. தயங்காமல் 24.36 என்றார். எப்படி என்றேன். ரெண்டு ரெண்டாக எண்ணினாராம். 18 கோட்டுக்கு 36. தாளில் தவறாகச் செய்த அதே பெருக்கலைக் கருவியில் சரியாகச் செய்திருக்கிறார், அது பெருக்கல் என்று அவருக்குத் தெரியாது. கணக்கு வராத பிள்ளை என்று நாங்கள் எழுதிவைத்திருந்தவர், மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வரை பிசகாமல் அளந்துகொண்டிருந்தார்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல்வர் அறையில் நான், டிராயிங் பயிற்றுநர், பயிற்சி அலுவலர் மூவரும் உட்கார்ந்து பேசினோம். ஒருமித்த கருத்து உடனே வரவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்று, ஒருவருக்காகத் தனிக் கவனம் என்றால் ஒழுங்காக வரும் மற்ற பிள்ளைகளுக்கு என்ன பதில் என்று பயிற்சி அலுவலர் கேட்டார். நியாயமான கேள்வி. தினமும் இரண்டு பஸ் மாறி வரும் மாணவி ஒருவர் ஒரு நாளும் விடுப்பு எடுத்ததில்லை. விதியைத் தளர்த்த வேண்டாம், விதிக்குள் வர வழி செய்வோம் என்பதில் கடைசியில் ஒத்துப்போனோம்.

வருகையைப் போட்டுக்கொடுத்துவிடலாம் என்ற யோசனையும் வந்தது. இரக்கத்தில் சொன்னதுதான். நான் அதை ஏற்கவில்லை. வராத நாள் வராத நாளாகவே எழுதப்பட்டிருந்ததால்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. பொய்யான பதிவேடு பிள்ளையைத் தேர்வு அறை வரை கொண்டுபோகும், அங்கே கணினி முன்னால் மறுபடி தனியாக உட்காரவைக்கும். முதல்வர் அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்தினார்.

முடிவு செய்தவை நான்கு. முதலாவது, அவரைப் போர்டுக்கு அழைப்பதைச் சிறிது காலம் நிறுத்துவது. அவரை மட்டும் விட்டால் அதுவே அடையாளமாகிவிடும், ஆகவே அந்தப் பிரிவில் யாரையுமே தனியாக அழைப்பதில்லை, இரண்டிரண்டு பேராக மேசையிலேயே செய்வது. டிராயிங் பயிற்றுநர் இதற்கு உடனே சம்மதித்தார். இருபதாண்டு அனுபவம் உள்ளவர் தன் முறையை மாற்றிக்கொள்வது லேசான காரியம் இல்லை.

இரண்டாவது, டிராயிங்கைக் கற்பனைப் பெட்டிகளிலிருந்து தொடங்காமல் மாணவர்கள் தாங்களே அரம் போட்டு முடித்த துண்டிலிருந்து தொடங்குவது. மூன்றாவது, பிளஸ் டூ முடித்துவிட்டு வந்திருந்த ஒரு மாணவரோடு இவரைச் சேர்த்து உட்காரவைப்பது. அவருக்குக் கணக்கு வரும், ஆனால் ஸ்கொயர் ஃபிட் ஜாப் இரண்டு முறை கெட்டுப்போயிருந்தது. இருவருக்கும் மற்றவரிடம் கேட்க ஒன்று இருந்தது. ஒருவர் கொடுப்பவர், ஒருவர் வாங்குபவர் என்று வைத்தால் நீடிக்காது என்பது என் கருத்து.

நான்காவது, வீட்டுக்குக் கடிதம் அனுப்பாமல் நேரில் போவது. எச்சரிக்கைக் கடிதம் தபாலில் போனால் அதைப் படித்துச் சொல்ல வேண்டியவரே அந்த மாணவர்தான். ஞாயிற்றுக்கிழமை போனேன். அம்மா திண்ணையில் உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். "வேலைக்குப் போன்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல சார். அவனாத்தான் போறான். டெய்லி டிபன் பாக்ஸ கட்டிக்கிட்டுத்தான் கிளம்புறான்" என்றார். வாசலில் இருந்து திரும்பிப்போன கதையை நான் சொல்லவில்லை. இரவு வேலையை அறவே விடச்சொல்லவும் இல்லை, அந்த வீட்டுக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. மறுநாள் விடுமுறையாக உள்ள இரவுகளில் மட்டும் போகட்டும் என்று பேசி முடித்தோம். சமையல் கான்ட்ராக்டரிடம் அப்பாவே பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

ஜனவரி முதல் ஜூலை வரை

விடுமுறை முடிந்து வந்ததும் அவருக்கு நான் கொடுத்த முதல் கணக்கு அவருடைய வருகைதான். ஆண்டுக்கு 240 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். 80 விழுக்காடு எத்தனை? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொல்லவிடாமல் தடுத்தேன். பத்து பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்துக்கும் எட்டு என்று 24 முறை எண்ணி 192 என்றார். வந்தது 71, இன்னும் வேண்டியது 121. மீதி இருப்பது 140 நாள். அப்படியானால் 19 நாள்தான் விடலாம். அந்த 19-ஐ நோட்டின் பின்னட்டையில் எழுதிவைத்தார். விழுக்காடு என்பது என்ன என்று அன்று விளங்கியதாக அவரே பிறகு சொன்னார்.

டிராயிங் வகுப்பில் ஏற்பட்ட மாற்றத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலன் அங்கேதான் முதலில் தெரிந்தது. ஒரு பொருளின் தோற்றங்களைத் தாளில் எங்கே வரைவது என்பதற்கு நம் நாட்டில் பின்பற்றுவது முதல் கோண வீழல் முறை. முன்னாலிருந்து பார்க்கும் எதிர்த்தோற்றத்துக்குக் கீழே மேல்தோற்றத்தை வரைய வேண்டும், இடப்பக்கத் தோற்றத்தை வலப்பக்கத்தில் வரைய வேண்டும். மேலிருந்து பார்ப்பதை ஏன் கீழே வரைகிறோம் என்ற இடத்தில் முக்கால்வாசிப் பிள்ளைகள் குழம்புவார்கள். மனப்பாடம் செய்பவர்கள் தாண்டிப்போவார்கள். மனப்பாடத்துக்கு வளையாதவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். இவர் நின்றுவிட்டவர்.

டிராயிங் பயிற்றுநர் அவருடைய ஸ்டெப் ஃபிட் துண்டையே (படிபோல் வெட்டியது) எடுத்து, மேசையில் வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் வைத்தார். பின்னால் ஓர் அட்டையைச் செங்குத்தாக நிறுத்தினார். முன்னாலிருந்து டார்ச் அடித்தால் நிழல் பின்னால் அட்டையில் விழுகிறது. மேலிருந்து அடித்தால் கீழே தாளில் விழுகிறது. இப்போது அட்டையைப் பின்பக்கமாகச் சாய்த்துத் தாளோடு ஒரே மட்டமாக்கினால் அட்டையில் விழுந்த எதிர்த்தோற்றம் மேலேயும், தாளில் விழுந்த மேல்தோற்றம் கீழேயும் வந்துவிடுகிறது. இடப்பக்கமிருந்து அடித்தால் நிழல் வலப்பக்கச் சுவருக்குத்தானே போகும். அவ்வளவுதான் விஷயம். அன்று மாலை அந்தத் துண்டின் மூன்று தோற்றங்களையும் அளவோடு வரைந்து கொண்டுவந்தார். கோடு தடிமன் சரியில்லை, அளவுக்கோட்டின் அம்பு சரியில்லை, தோற்றம் மூன்றும் சரி.

கணக்கையும் இப்படியே பட்டறைக்குக் கொண்டுவந்தோம். எம்10 டேப் போட, அதாவது 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்குத் துளையில் மரை வெட்ட, எந்த டிரில் என்றால் பெட்டியிலிருந்து 8.5-ஐ எடுத்துவிடுவார். ஏன் 8.5 என்றால் தெரியாது. விட்டத்திலிருந்து பிட்சை (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி) கழிக்க வேண்டும், 10-இல் 1.5 போனால் 8.5. எம்8-க்கு பிட்ச் 1.25, அப்போது எது? அவரே கழித்துப் பார்த்து 6.75 என்றார், பெட்டியில் 6.8 இருப்பதையும் சுட்டிக்காட்டினார். வெட்டு வேகக் கணக்கு அடுத்தது. நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகம், 10 மில்லிமீட்டர் டிரில். 1000-ஐ 25-ஆல் பெருக்கி, 3.14-ஐ 10-ஆல் பெருக்கியதால் வகுத்தால் ஏறக்குறைய 796 சுற்று. பெல்ட்டை எந்தப் புல்லியில் மாற்றுவது என்று மெஷின் முன்னால் நின்று முடிவு செய்தோம். இந்தக் கணக்குக்கு அவருக்கு இரண்டு வாரம் ஆனது. அவசரப்படுத்தவில்லை.

வாசிப்புதான் கடினமாக இருந்தது. ஐ.டி.ஐ. பாடநூல்களைத் தயாரிக்கும் மத்திய அரசின் நிமி நிறுவனம் தமிழில் வெளியிடும் ஃபிட்டர் புத்தகம் கையில் இருந்தும், ஒரு பத்தியைப் படிக்க அவருக்கு மிகுந்த நேரம் பிடித்தது. கணினித் தேர்வில் வினாவைப் புரிந்துகொள்ளாவிட்டால் விடை தெரிந்தும் பயனில்லை. ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான பாரத் ஸ்கில்ஸ் இணையதளத்தின் வினாத்தொகுப்பிலிருந்து தினமும் பத்து வினாக்களை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நண்பர் வாசிக்க இவர் விடை சொல்வது, அடுத்த வாரம் இவர் வாசிக்க அவர் விடை சொல்வது என்று வைத்துக்கொண்டார்கள். இதை ஏற்பாடு செய்தது நான் இல்லை, அவர்கள் இருவரும்.

மார்ச்சில் ஒரு சரிவு. பங்குனி முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வந்தன, அப்பாவுக்கு ஸ்கேன் எடுக்கப் பணம் வேண்டியிருந்தது. ஒரே மாதத்தில் 7 நாள் வரவில்லை. இம்முறை அந்த ஏழில் செவ்வாயோ வெள்ளியோ ஒன்றுதான். இரவு வேலைக்குப் போனாலும் டிராயிங்கை விடாமல் வந்திருக்கிறார். 19-இலிருந்து எவ்வளவு போனது என்று பின்னட்டையில் அவரே கழித்து வைத்திருந்தார்.

ஆண்டு முடிவில் 140-இல் 124 நாள் வந்திருந்தார். மொத்தம் 240-க்கு 195, அதாவது 81 விழுக்காடு. தேர்வு எழுதினார். செய்முறையில் 80-க்கு மேல். தியரியில் 40-ஐ ஒட்டி மதிப்பெண். தேர்ச்சி.

இரண்டாம் ஆண்டு

இதைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வருகை பிரச்சினையாக இருக்கவில்லை. நியூமேட்டிக்ஸ், ஹைட்ராலிக்ஸ் (காற்று, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கருவிகள்) பாடத்தில் குறியீடுகளைப் பார்த்து மறுபடி மிரண்டார், ஆனால் வகுப்பைவிட்டுப் போகாமல், "சார், இந்த வால்வ கழட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டார். பழுதான ஒரு வால்வைக் கழற்றிக் கொடுத்தோம். 2024-இல் இரண்டாம் ஆண்டுத் தேர்விலும் தேர்ச்சி பெற்று தேசியத் தொழிற்சான்றிதழ் வாங்கினார். நண்பரின் ஸ்கொயர் ஃபிட்டும் சரியாகிவிட்டது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

சான்றிதழுக்குப் பிறகு

தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சேர்க்கை முகாமில் ஓசூர்ப் பகுதித் தொழிற்சாலை ஒன்று அவரைத் தேர்ந்தெடுத்தது. 2019-இல் திருத்தப்பட்ட விதிப்படி ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ள பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை அப்போது மாதம் 7,000 ரூபாயாக இருந்தது. அவருக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே கிடைத்தது. ஆனால் அறை வாடகைப் பங்கு, மெஸ், ஊருக்குப் போய்வரும் செலவு போக வீட்டுக்கு அனுப்ப முடிந்தது மிகக் கொஞ்சம். ஐந்தாவது மாதம் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. ஊருக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. பழகுநர் பயிற்சி முடியாததால் அதற்கான சான்றிதழ் கிடைக்கவில்லை.

இப்போது சொந்த ஊருக்கு அருகே நீர்மூழ்கி மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறார். ஷாஃப்ட், பேரிங், புஷ் பொருத்தும் வேலைகளை அவரை நம்பிக் கொடுக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம் என்பதால் அதற்கும் ஆசை இருக்கிறது. அங்கே காத்திருப்பது கணக்கு, அதுவும் போர்டில் நடக்கும் கணக்கு. இன்னும் முடிவெடுக்கவில்லை.

இதை வெற்றி என்று எழுத எனக்குத் தயக்கம் உண்டு. சான்றிதழ் இருக்கிறது, தொழில் கையில் இருக்கிறது, ஆனால் அவர் திறமைக்கு ஏற்ற கூலி இன்னும் வரவில்லை. நவம்பரில் நின்றுபோன அந்த இன்னொரு மாணவரின் நாட்களை நாங்கள் பிரித்துப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதும் மனதைவிட்டுப் போகவில்லை.

மாற்றியவையும் இனி மாற வேண்டியவையும்

இப்போது எங்கள் பிரிவில் மாதக் கடைசியில் ஒவ்வொரு மாணவரின் விடுப்பும் கிழமையோடும் பாடத்தோடும் ஒரே தாளில் எழுதப்படுகிறது. அரைமணி நேர வேலைதான். வருகை 80 விழுக்காட்டுக்குக் கீழே போன பிறகு பார்ப்பதில்லை, இரண்டாம் மாதத்திலேயே பார்த்துவிடுகிறோம்.

டிராயிங் வகுப்பு முதல் ஜாப் முடிந்த பிறகே தொடங்குகிறது. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் ஸ்டீல் ரூலும் வெர்னியரும் வைத்துப் பின்னம், தசமம், விழுக்காடு. பாடத்திட்டத்தில் இதற்குத் தனி நேரம் கிடையாது. செய்முறை நேரத்திலிருந்துதான் எடுக்கிறோம், அதனால் ஆண்டு இறுதியில் ஓரிரு பயிற்சிகளை வேகமாக முடிக்க வேண்டியிருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் சேரும் எல்லோருக்கும் முதல் மாதத்தில் அடிப்படைக் கணக்குக்கும் வாசிப்புக்கும் நேரம் ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டம் 2022-இலேயே வந்துவிட்டது. இவர் படித்தபோது அந்த ஆயிரம் இருந்திருந்தால் மாதத்தில் இரண்டு இரவுகளாவது மிச்சமாகியிருக்கும்.

பழகுநர் பயிற்சிக்கு அனுப்பும் முன் வீட்டு நிலையையும் பார்க்கிறோம். தூரத்துப் பெரிய தொழிற்சாலை எல்லோருக்கும் சரிப்படாது. தினமும் வீடு திரும்பும் தூரத்தில் உள்ள கூட்டுறவு நூற்பாலை, சர்க்கரை ஆலை, போக்குவரத்துக் கழகப் பணிமனை போன்றவற்றையும் முதலிலேயே கேட்டுவைக்கிறோம்.

இந்த ஆண்டு முதல் இரண்டு மாதத் தாள்களில் மூன்று பேர் தெரியவந்தார்கள். இருவருக்கு டிராயிங்தான். மூன்றாமவரின் விடுப்புகள் திங்கட்கிழமைகளில் மட்டும் இருந்தன. விசாரித்தால் பாடத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அன்று அவருடைய ஊருக்கு அருகில் வாரச்சந்தை, காலை முதல் பேருந்து கூட்டத்தால் அவர் நிறுத்தத்தில் நிற்பதில்லை. பணிமனை மேலாளருக்கு முதல்வர் கடிதம் கொடுத்திருக்கிறார். பதில் வரும்வரை திங்கட்கிழமைகளில் அவரை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் பைக்கில் அழைத்து வருகிறார்.